பச்சை போர்டு இருக்கு, மீட்டர் ரீடிங் எங்கே?

1/
சென்னையில ஓ.எம்.ஆர். பக்கமோ கிண்டி பக்கமோ போனீங்கன்னா, கண்ணாடி போர்த்திய பெரிய கட்டிடங்களின் வாசல்ல ஒரு பலகை பார்க்கலாம். "பசுமைக் கட்டிடம், தங்கத் தரம்", "பிளாட்டினம் தரம்" என்று இருக்கும். அந்தக் கட்டிடம் போன வருஷம் எத்தனை யூனிட் மின்சாரம் செலவழிச்சதுன்னு மட்டும் அந்தப் பலகையில இருக்காது. தேடிப் பாருங்க, பெரும்பாலும் எங்கேயும் கிடைக்காது. இந்த இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
"டாக்டர், உங்களுக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. வெப்பம்தான் காரணம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சது. நம்ம உடம்பு வியர்வை காய்வதன் மூலம்தான் குளிர்கிறது. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல வியர்வை காயாது, வழியும். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் குழம்பிப் பேச ஆரம்பிச்சா அது வெப்பத் தாக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

3/
யாருக்கு வரும்? ஏ.சி. அறையில இருக்கிறவருக்கு இல்ல. வாசல்ல நிற்கிற செக்யூரிட்டிக்கு, சாரத்துல நிற்கிற கொத்தனாருக்கு, தகரக் கூரைக்குக் கீழ படுத்திருக்கிற வயசானவங்களுக்கு, பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு. பகல்ல சூடானாலும் ராத்திரி குளிர்ந்தா உடம்பு மீண்டுடும். ராத்திரியும் சூடு இறங்கலன்னா மறுநாள் அந்த உடம்பு தோத்த நிலையிலேயே தொடங்குது.

4/
இப்ப கட்டிடத்துக்கு வருவோம். ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாத்துது. உள்ளிருந்து 3 பங்கு வெப்பத்தை எடுக்க 1 பங்கு மின்சாரம் செலவானா, வெளியே 4 பங்கு வெப்பம் வந்து விழும். உள்ளே குளிர், தெருவுக்குச் சூடு. கட்டிடம் சொன்ன அளவுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தலன்னா, அந்த வித்தியாசத்தை ரெண்டு பேர் சுமக்கிறாங்க. ஒருத்தர் பக்கத்துச் சந்துல குடியிருக்கிறவர்.

5/
இன்னொருத்தர் இருக்கிறது வடக்கே. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள் நிலக்கரி எரிக்குது. எண்ணூர்க் கழிமுகத்துல சாம்பல் படிஞ்ச கதையை அங்கே மீன் பிடிக்கிறவங்ககிட்ட கேளுங்க. ஓ.எம்.ஆர்.ல ஒரு யூனிட் வீணானா எங்கேயோ ஒரு உலைல கூடுதலா கரி எரியுது. அந்தப் புகையைச் சுவாசிக்கிறவங்க வாசல்ல எந்தத் தங்கத் தரப் பலகையும் கிடையாது.

6/
ஆக "இது பசுமைக் கட்டிடம்" என்பது வெறும் விளம்பர வாசகம் இல்ல. பொது சுகாதாரம் பற்றிய ஒரு உறுதிமொழி. மாத்திரை அட்டையில "இது காய்ச்சலைக் குறைக்கும்"னு போட்டா நாங்க உடனே கேட்போம்: எத்தனை பேருக்குக் குறைஞ்சது? யார் பார்த்தாங்க? முடிவு எங்கே வெளியாச்சு? கட்டிடத்துக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்கிறதில்ல.

7/
சான்று எப்படிக் கிடைக்குதுன்னு பாருங்க. இந்தியாவுல மூணு பெயர் அதிகம் கேட்பீங்க. அமெரிக்காவுல உருவான லீட். இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001ல் தொடங்கிய ஐ.ஜி.பி.சி. எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த கிரிஹா. சான்று வேண்டும்னா கட்டிடக்காரர் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கணும். வரைபடம், கருவிகளின் விவரம், "இவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்"னு கணினி போட்ட கணக்கு, எல்லாம் கொடுக்கணும். புள்ளிகளைக் கூட்டித் தரம் தருவாங்க.

8/
இதுல மோசடின்னு நான் சொல்லல. நேர்மையான பொறியாளர்கள் நிறைய பேர் இருக்காங்க. சில திட்டங்கள்ல ஆட்கள் குடியேறிய பிறகும் தணிக்கை உண்டு. ஆனா அந்த அறிக்கை வழக்கமா மக்கள் பார்வைக்கு வராது. கட்டணம் கட்டுறவர் கட்டிடக்காரர், சான்று தருகிற அமைப்புல கட்டுமான நிறுவனங்களும் உறுப்பினர்கள், கணக்கு அவங்களுக்குள்ளேயே இருக்கும். மருந்துக் கம்பெனி தன் மருந்துக்குத் தானே இப்படிச் சான்று வாங்கினா ஒத்துக்குவீங்களா?

9/
ஆதாரம் கேட்பீங்க. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்ற ஆய்வாளர்கள், லீட் சான்று பெற்ற 100 கட்டிடங்களின் உண்மையான மின்சார, எரிபொருள் செலவை எடுத்து 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சராசரியா பார்த்தா ஒரு சதுர அடிக்கு 18 முதல் 39 சதவீதம் குறைவான செலவு. நல்ல செய்திதான். ஆனா அதே ஆய்வுல, 28 முதல் 35 சதவீதக் கட்டிடங்கள் சாதாரணக் கட்டிடங்களை விட அதிகமா செலவழிச்சிருந்தது.

10/
இன்னொரு முடிவு இதைவிட முக்கியம். வெள்ளியா, தங்கமா, பிளாட்டினமா என்ற தரத்துக்கும் உண்மையான செலவுக்கும் பெரிசா சம்பந்தம் இல்ல. அதாவது மூணுல ஒண்ணு சொன்னதைச் செய்யல, எது அந்த ஒண்ணுன்னு பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கண்டுபிடிக்க ஒரே வழி மீட்டரைப் பார்க்கிறது. அந்த ஆய்வாளர்களும் அதைத்தான் பார்த்தாங்க.

11/
"அவங்க காசு, அவங்க கட்டிடம், நமக்கென்ன?" நமக்கு இருக்கு. இந்தச் சான்றுக்குப் பதிலா பொதுச் சொத்து கைமாறுது. முன்சான்று வாங்கிய திட்டங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அனுமதிக்கான வரிசையில முந்திப் போகலாம். கவனிங்க, முன்சான்று. கட்டிடம் எழும்புறதுக்கு முன்னாடியே கிடைக்கிற சான்று. மகாராஷ்டிராவோட 2020 கட்டிட விதிகள்ல தரத்துக்கு ஏற்ப 3, 5, 7 சதவீதம் கூடுதல் தளப்பரப்பு இலவசம். அதே மாதிரி சலுகைக் கோரிக்கை நம்ம ஊர்லயும் ஒலிக்குது.

12/
கூடுதல் தளப்பரப்புன்னா சும்மா இல்ல. அதே மனையில இன்னும் நிறைய பேர். அதே குடிநீர்க் குழாய், அதே பாதாளச் சாக்கடை, அதே ரோடு. அந்தச் சுமையை ஊர் ஏத்துக்குது, "மின்சாரமும் தண்ணியும் மிச்சமாகும்" என்ற வாக்குக்காக. வாக்கு நிறைவேறிச்சான்னு கேட்கிற உரிமை ஊருக்குத்தான் உண்டு. தராத பொருளுக்கு முன்பணம் கொடுத்துட்டு ரசீது கூடக் கேட்காம இருப்பீங்களா?

13/
நம்ம ஊர்லயே ஒரு உதாரணம். ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துல 2010 மார்ச்சில் திறந்த புதிய சட்டமன்றத் தலைமைச் செயலக வளாகம், பசுமைக் கட்டிடமாகவே திட்டமிடப்பட்டு லீட் தங்கத் தரம் பெற்றது. 2011ல் ஆட்சி மாறுச்சு. 2014 பிப்ரவரியில் அதே கட்டிடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆச்சு. கூட்டம் நடக்கும்போது மட்டும் ஏ.சி. ஓடுற இடமும், 24 மணி நேரமும் ஐ.சி.யு. ஓடுற இடமும் ஒண்ணா?

14/
ஆஸ்பத்திரி மின்சாரம் செலவழிக்கிறதை நான் குறை சொல்லல. ஐ.சி.யு.வுல ஏ.சி.யைக் குறைங்கன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நான் சொல்றது வேற. கட்டிடம் என்ன செய்யுதுங்கிறது மாறிட்டே இருக்கும். ஒரு தடவை கொடுத்த பட்டம் மாறாது. பத்து வருஷம் முன்னாடி எடுத்த ஈ.சி.ஜி.யைக் காட்டி "என் இதயம் நல்லா இருக்கு"ன்னு சொன்னா நான் படுக்க வெச்சு இன்னொண்ணு எடுப்பேன்.

15/
கண்காணிப்பு இல்லாத நல்ல திட்டம் என்ன ஆகும்னு சென்னைக்கு நல்லாவே தெரியும். 2003ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம்னு அவசரச் சட்டம் வந்துச்சு. நாடே திரும்பிப் பார்த்த திட்டம். ஊரே குழி வெட்டுச்சு, நிலத்தடி நீர் ஏறுச்சு. அதுக்கப்புறம்? குழியில மண் அடைஞ்சுது, குழாய் உடைஞ்சுது, மொட்டை மாடித் தண்ணி தெருவுக்குப் போச்சு. உங்க வீட்டு குழியை எந்த அதிகாரியாவது கடைசியா எப்ப வந்து பார்த்தார்? யோசிச்சுப் பாருங்க.

16/
2019ல் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. முந்தைய வருஷம் மழை பொய்த்ததுதான் முதல் காரணம். ஆனா 16 வருஷமா ஒவ்வொரு கூரையும் சட்டப்படி நிலத்துக்குத் தண்ணி கொடுத்திருந்தா அந்த அடி இவ்வளவு வலிச்சிருக்குமா? பதில் சொல்ல நம்மகிட்ட கணக்கே இல்ல. எத்தனை குழி வேலை செய்யுதுன்னு வருஷாவருஷம் வார்டு வாரியா வெளியிட்டிருந்தா இருந்திருக்கும்.

17/
அடுத்தது ஸ்மார்ட் சிட்டி. 2016 ஜனவரியில வந்த முதல் பட்டியல்லயே சென்னை இருந்துச்சு. இந்தத் திட்டத்தை நடத்த மாநகராட்சிக்கு வெளியே தனி கம்பெனி தொடங்கணும் என்பது மத்திய அரசின் நிபந்தனை. சரி, கம்பெனியை மன்றம் கேள்வி கேட்கும்னு நினைப்போம். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிஞ்சுது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். அஞ்சு வருஷத்துக்கும் மேல சென்னைக்கு ஒரு கவுன்சிலர் கூட இல்ல.

18/
அந்த இடைவெளியிலதான் பெரும்பாலான வேலை நடந்துச்சு. 2021 நவம்பர்ல தி.நகர் தண்ணியில மிதந்த பிறகு, 2022ல் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையில் விசாரணைக் குழு போட்டாங்க. அது தேவைதான். ஆனா எங்க மொழியில அதுக்குப் பேர் பிரேதப் பரிசோதனை. நாங்க கேட்கிறது மாசா மாசம் செக்கப். ஆள் உயிரோட இருக்கும்போதே செய்யணும்.

19/
சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் 2023ல் வெளியாச்சு. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. நல்ல இலக்கு. ஆனா 2022ல் வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெச்சப்ப முதல்ல ஆங்கிலத்துல மட்டும்தான் வெச்சாங்க. ஆட்சேபம் வந்த பிறகுதான் தமிழ். கடல் ஏறினா முதல்ல வீடு போகிற காசிமேட்டுக்காரருக்குப் புரியாத மொழியில கேட்டா, அது கருத்துக் கேட்பா? ஊசி போட்ட பிறகு சம்மதக் கையெழுத்து வாங்குற மாதிரி இருக்கு.

20/
இன்னும் சிக்கலானது "குப்பையிலிருந்து மின்சாரம்". அரசுக் கணக்குல இதுவும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி. கொடுங்கையூர்ல எரிவுலை வரும்னு சொன்னதும் வடசென்னை மக்கள் கைகோத்துத் தெருவுல நின்னாங்க. அவங்களை "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். நம்ம குப்பையில பாதிக்கு மேல ஈரக் குப்பை, சுலபமா எரியாது. கூடவே போகிற பி.வி.சி. பிளாஸ்டிக் சரியா எரியலன்னா டையாக்சின் வரும். அது உடம்புக் கொழுப்புல சேரும், தாய்ப்பால்ல வரும், வருஷக்கணக்கா போகாது.

21/
2016 திடக்கழிவு விதிகள்ல டையாக்சினுக்கு வரம்பு வெச்சாங்க: ஒரு கன மீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம். ஆனா புகைபோக்கியில எந்நேரமும் ஓடுற கருவியில இது தெரியாது. தனியா மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். அதாவது மத்த நாள்ல என்ன வருதுன்னு யாருக்கும் தெரியாது. மாதிரி எடுக்கிற நாளை யார் முடிவு பண்றாங்க? உலை நல்லா எரியுற நாளா பார்த்து எடுத்தா? பக்கத்துல வசிக்கிறவங்க அந்தக் குழுவுல இல்லன்னா இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

22/
"கண்காணிச்சா மட்டும் மாறிடுமா டாக்டர்?" மாறும். தமிழ்நாட்டுலயே மாறியிருக்கு. இங்கே பிரசவத்துல ஒரு தாய் இறந்தா அது ஒரு ஃபைலோட முடியாது. ஏன் இறந்தாங்க, எங்கே தாமதம், யார் ரெஃபர் பண்ணாங்க, ரத்தம் இருந்துதான்னு ஒவ்வொரு மரணத்தையும் தணிக்கை பண்றாங்க. கலெக்டர் வரைக்கும் போகும். டாக்டர்களுக்கு அந்த மீட்டிங் சுகமா இருக்காது. சுகமா இருக்கக் கூடாது.

23/
2001-03ல் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20ல் அது 54. இருபத்துநாலு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 108 ஆம்புலன்ஸ், செவிலியர்கள் எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா எதைச் சரி பண்ணணும்னு காட்டினது அந்தத் தணிக்கை. இதே அரசு, இதே அதிகாரிகள், இதே ஊர். இங்கே முடிஞ்சது கட்டிடத்துக்கும் சோலாருக்கும் ஏன் முடியாது?

24/
வெளியூர்லயும் செய்யறாங்க. நியூயார்க் நகரம் 2009ல் சட்டம் போட்டுச்சு: பெரிய கட்டிடங்கள் வருஷா வருஷம் மின்சார, தண்ணிக் கணக்கைத் தரணும், நகரம் அதைப் பொதுவில் வெளியிடும். 2020ல் இருந்து 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்கள் ஏ, பி, சி, டி என்ற மதிப்பெண்ணை வாசல்ல ஒட்டணும். கணக்கே தரலன்னா எஃப். பெரிய பெரிய முதலாளிகளும் ஒட்டித்தான் ஆகணும்.

25/
நம்மகிட்டயும் அளவுகோல் இருக்கு. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு அலுவலகக் கட்டிடங்களுக்கு ஸ்டார் தருது, நம்ம ஃப்ரிட்ஜுக்குத் தர்ற மாதிரியே. உண்மையான மின்சாரச் செலவை வெச்சுத்தான் தருவாங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, பாதிக்கு மேல ஏ.சி. உள்ள அலுவலகம் வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 யூனிட்டுக்குக் கீழ செலவழிச்சா 5 ஸ்டார். 175ல இருந்து 200 வரைன்னா 1 ஸ்டார். ஆனா இது விருப்பப்பட்டா மட்டும். ஃபெயில் ஆவோம்னு தெரிஞ்சவன் பரீட்சைக்கு வருவானா?

26/
இனி ஆட்சேபங்கள். "மின்சாரக் கணக்கு வணிக ரகசியம்." பில்லுல இருக்கிறது யூனிட் எண்ணிக்கை, கோகோ கோலா ஃபார்முலா இல்ல. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)ல 13ஆவது உட்பிரிவைப் படிங்க. சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு அலுவலகம் வெளியிடணும். சலுகை வேண்டாம்னா ரகசியம் வெச்சுக்கோங்க. ஊர்ச் சலுகை வாங்கினா ஊருக்குக் கணக்கு காட்டணும்.

27/
"மக்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் புரியாது." ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில்லைப் பார்த்து, 500 யூனிட்டைத் தாண்டிடுச்சேன்னு வீட்டுல சண்டை போடுற மக்களுக்கா யூனிட் புரியாது? "முதலீடு ஓடிடும்." சொன்னதைச் செய்யற கம்பெனி ஏன் ஓடணும்? இன்னைக்கு நிஜமா மின்சாரம் மிச்சப்படுத்துறவரும் பலகை மட்டும் மாட்டுறவரும் ஒரே வரிசையில நிற்கிறாங்க. நேர்மையான கட்டிடக்காரருக்குத்தான் இதுல முதல் நஷ்டம்.

28/
"செலவாகும்." பெரிய கட்டிடங்களின் உயரழுத்த இணைப்புகளுக்கு மின்வாரியம் மாசா மாசம் ரீடிங் எடுத்துட்டுதான் இருக்கு. தரவு ஏற்கெனவே அரசுகிட்ட இருக்கு. புதுசா எதையும் அளக்க வேண்டாம். இருக்கிறதை வெளியே வெச்சா போதும்.

29/
நான் கேட்கிறது அஞ்சு:
ஒண்ணு, சான்று பெற்ற ஒவ்வொரு கட்டிடமும் போன வருஷ மின்சார, தண்ணிக் கணக்கை வாசல்ல தமிழ்ல ஒட்டணும்.
ரெண்டு, மாநகராட்சியின் சோலார், எல்.இ.டி., எரிவுலைக் கணக்கு மாசா மாசம் வார்டு வாரியா வெளியாகணும்.
மூணு, சலுகை நிபந்தனையோட மட்டும். மூணு வருஷத்துல சொன்னதைச் செய்யலன்னா அபராதத்தோட திரும்ப வாங்கணும்.
நாலு, கண்காணிப்புக் குழுவுல அந்தப் பகுதி மக்களும் ஒரு பொது சுகாதார மருத்துவரும் இருக்கணும்; கட்டிடக்காரர்கிட்ட கட்டணம் வாங்குறவர் இருக்கக் கூடாது.
அஞ்சு, பசுமைத் தரம் கொடுக்கும்போது வாசல்ல நிற்கிற செக்யூரிட்டிக்கு நிழலும் தண்ணியும் இருக்கான்னும் பார்க்கணும்.

30/
இப்ப உங்க வேலை. உங்க வார்டு மாநகராட்சிப் பள்ளி, அலுவலகம் மேல சோலார் தகடு இருக்கா பாருங்க. கணக்கு சுலபம்: சென்னையில 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரணும். 10 கிலோவாட்னா மாசம் சுமார் 1,200 யூனிட். 300தான் வருதுன்னா தூசி படிஞ்சிருக்கு, இல்ல இன்வெர்ட்டர் செத்திருக்கு, இல்ல இணைப்பே கொடுக்கல. அந்த மூணுல எதுன்னு கேளுங்க.

31/
எப்படிக் கேட்கிறது? வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர்னு முகவரி. இப்படி எழுதுங்க: "எங்கள் வார்டில் உள்ள மாநகராட்சிக் கட்டிடங்களில் நிறுவப்பட்ட சூரிய மின்தகடுகளின் பட்டியல், திறன், கடந்த 12 மாதங்களில் மாதவாரியாக உற்பத்தியான யூனிட், பராமரிப்பு ஒப்பந்த நகல் ஆகியவற்றை வழங்கவும்." 30 நாள்ல பதில் வரணும். வரலன்னா பிரிவு 19(1)ல மேல்முறையீடு, அதுக்குக் கட்டணம் இல்ல.

32/
2022 விதிகள்படி ஒவ்வொரு வார்டுலயும் ஏரியா சபா கூடணும். ரோடு, சாக்கடை, கொசு, எல்லாம் கேளுங்க, கேட்கத்தான் வேணும். கூடவே இதையும் கேளுங்க: "நம்ம வார்டுல பசுமைச் சலுகை வாங்கின கட்டிடம் எது? அதோட போன வருஷ யூனிட் எவ்வளவு?" கவுன்சிலருக்குத் தெரியாது. தெரியாதுன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள தெரிஞ்சு வெச்சிருப்பார்.

33/
ஏப்ரல், மே வந்தா "தண்ணி குடிங்க, மத்தியானம் வெளிய போகாதீங்க"ன்னு நாங்க டாக்டர்கள் எல்லா டிவியிலயும் சொல்றோம். மத்தியானம் வெளிய நிற்கிறதே வேலையா இருக்கிறவருக்கு இந்த அறிவுரையால என்ன பயன்? அவர் தெருவைச் சூடாக்குறது எதுன்னு கண்டுபிடிச்சுக் குறைக்கிறதுதான் மருந்து. அதுக்கு முதல் டெஸ்ட் மீட்டர் ரீடிங்.

ஆர்.டி.ஐ. போட்டவங்க கிடைச்ச பதிலை இதுக்குக் கீழ போட்டோ எடுத்துப் போடுங்க. பதில் வரலன்னா அதையும் போடுங்க. வார்டு நம்பரை மறக்காம எழுதுங்க, 200 வார்டுக்கும் சேர்த்து ஒரு பட்டியல் போடலாம்.